இரும்பு எடுக்கும் மாத்திரை

ஜூன் 13, செவ்வாய்

பழைய எடைப் பதிவேட்டில் மிச்சமிருந்த பக்கங்களைப் பிரித்துத் தைத்து இந்த நோட்டைச் செய்தேன். அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாகப் பதினோரு பதிவேடு எழுதுகிறவள் நான். மேற்பார்வையாளர் வருவார், ஒரு வரிகூடப் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் ‘பார்வையிட்டேன்’ என்று கையெழுத்துப் போடுவார், முட்டை எத்தனை இருக்கிறது என்று கேட்பார். இந்த நோட்டை யாரும் பார்வையிடப் போவதில்லை. அதனால் உள்ளதை எழுதலாம்.

இன்று கனிஷ்காவுக்கு ரத்தம் ஏற்றும் நாள். என் தம்பி சென்றாயனின் மகள், ஆறு வயது. தலசீமியா என்கிறார்கள். அவள் உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்யாதாம். எட்டாவது மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெரியாஸ்பத்திரியில் யார் வீட்டு ரத்தத்தையோ ஏற்றிக் கூட்டிவருகிறோம். ஏற்றின அன்று முகம் தக்காளியாக இருக்கும். இருபதாம் நாள் சுண்ணாம்பு.

புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறாள். என் வயதில் பாதி இருப்பாள்.

“ஏத்துற ரத்தத்துல இருக்கற இரும்பு உடம்புல சேந்துக்கிட்டே போகுதும்மா. கல்லீரல்லயும் இதயத்துலயும் படியும். அதை வெளிய எடுக்கத்தான் இந்த மாத்திரை. தினமும் காலையில வெறும் வயித்துல, தண்ணியில கரைச்சுக் குடுக்கணும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. சாப்பாட்டோட பால் சேக்காத டீ கொஞ்சம் குடுங்க. சோத்துல இருக்கற இரும்பை உடம்பு இழுக்காம அது பாத்துக்கும்.”

இப்போது இரும்பு அளவு ஆயிரத்து நானூறு இருக்கிறதாம். இறங்கினால், வருகிற பிப்ரவரியில் இவள் தம்பி, மூன்று வயதுச் சின்னவனின் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவளுக்கு வைப்பார்களாம். அப்புறம் ரத்தமே ஏற்ற வேண்டாமாம்.

சோறு தின்னும்போது டீ குடிக்காதே, இரும்புச்சத்து போய்விடும் என்று சுவரில் படம் வரைந்து ஒட்டி வைத்திருப்பவளே நான். என்னிடம் வந்து பிள்ளைக்கு டீ கொடு என்கிறாள். படிப்பு ஏற ஏறப் புத்தி இறங்கும் போலிருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

கறிக்கடையில் சுவரொட்டி சொல்லி வைத்து வாங்கினேன். அந்த ஆட்டு மண்ணீரலைச் சுட்டுத் தின்றால் ஊறாத ரத்தமும் ஊறும். அடுப்பில் வைக்கும்போதே திருப்பூர்க்காரி வந்து நின்றுவிட்டாள்.

“அண்ணி, இது பாப்பாக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல.”

“எனக்குத்தாம்மா. நான் திங்கக் கூடாதா?”

போய்விட்டாள். அவள் பெயர் நிரோஷா. தம்பி பனியன் கம்பெனிக்குப் போன இடத்தில் எங்களைக் கேட்காமல் தாலி கட்டிக் கூட்டிவந்தவள். எட்டாவது வரை படித்தவள். பேப்பர் படித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் ஓட வேண்டும். எங்கள் வம்சத்தில் இல்லாத நோய் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று எனக்கு யாரும் கணக்குச் சொல்லித் தர வேண்டாம்.

ஜூன் 19, திங்கள்

அவளுக்கு உள்ளூரிலேயே தையல் கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்கே வேன் வந்துவிடும், சின்னவனைக் கம்பெனிக் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தம்பி போர்வெல் லாரியில் போனால் பத்து நாள் வரமாட்டான். ஆகவே மாத்திரை என் கையில்.

இன்று கரைத்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இரும்பு சேர்க்கச் சொல்லி மாடாய் உழைக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையின் உடம்பிலிருந்து என் கையாலேயே இரும்பை உருவ வேண்டுமாம். கொல்லைப்புறக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அங்கன்வாடியிலிருந்து கொண்டுவந்த இரும்பு டானிக்கில் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். பதிவேட்டில் ஒரு குழந்தையைக் கூட்டி எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

“அம்மாகிட்ட சொல்லாதடி தங்கம்.”

“சரி அத்த.”

அந்த மாத்திரைத் தண்ணீர் அவளுக்குப் பிடிக்காது. குதித்துக்கொண்டு போனாள்.

ரத்தமில்லாத பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரு முறை பார்த்தாயிற்று.

ஜூலை 4, செவ்வாய்

ரத்தம் ஏற்றினார்கள். வழக்கத்தைவிட முகத்தில் களை அதிகம். எதனால் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 21, வெள்ளி

ஆடி 5. இன்று ஒன்றும் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

அவள் தினமும் ராத்திரி வந்ததும் கேட்கிற ஒரே கேள்வி: “மாத்திரை குடுத்தீங்களா அண்ணி?” கொடுத்தேன் என்பேன். உடனே தினக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் ஒரு சரி போட்டு, டப்பாவில் வைப்பாள். ஏதோ கலெக்டர் ஆபீஸ் கோப்பு மாதிரி. ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரி நாளிலும் வீட்டில் இருப்பதால் அவளே கொடுக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நான் கட்டுவதை ஏழாம் நாள் இடிக்கிறாள்.

கறிவேப்பிலைத் தொட்டியில் இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை. அந்த மருந்து செடியிலேயே இரும்பை உறிஞ்சிவிட்டது, பிள்ளையை விட்டு வைக்குமா? திருப்பூர்க்காரி அதற்குப் புளித்த மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இரும்பு இரண்டாயிரத்து முந்நூறு. டாக்டரம்மாவின் முகம் தொங்கிவிட்டது. ஏறியிருக்கிறது என்றால் நான் ஊட்டுவது உடம்பில் ஒட்டுகிறது என்றுதானே பொருள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

“மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?” என்று நிரோஷாவைக் கேட்டாள்.

அவள் டப்பாவைத் திறந்து காலண்டர் தாள்களை மேஜை மேல் பரப்பினாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் குனிந்து கனியைக் கேட்டாள். “நீ சொல்லு குட்டி, தினமும் குடிக்கிறியா?”

பிள்ளை என்னைப் பார்த்தது. “குடிக்கிறேன்” என்றது.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்காகச் சொன்னாள். பெருமையாக இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மாத்திரை இனி இரண்டு. அத்தோடு சொந்தக்காரர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம். “அம்மா கிட்டருந்து ஒண்ணு, அப்பா கிட்டருந்து ஒண்ணு, ரெண்டு பக்கமும் வந்தாத்தான் இந்த நோய் வரும். ஒரு பக்கம் மட்டும் இருந்தா வெளிய தெரியாது, ஆள் நல்லாத்தான் இருப்பாங்க” என்றாள்.

“எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கிடையாது டாக்டர்” என்றேன். நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்திவிட்டார்கள். கனி கையை இழுத்துக்கொண்டு, “அத்தைக்கும் ஊசி போடுங்க, அப்பதான் நான் காட்டுவேன்” என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, “உங்களோட டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்கே, வாங்க” என்று என் கையைப் பிடித்துவிட்டாள். பிள்ளைக்கு முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு குழாய் எடுத்தாள். நான் பல்லைக் கடித்தேன். கனி என் தலையைத் தடவி, “ஆச்சு, ஆச்சு” என்றாள்.

நவம்பர் 7, செவ்வாய்

மூவாயிரத்து நானூறு.

டாக்டரம்மா கனியைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கல்லீரல் மூன்று விரல்கடை வீங்கியிருக்கிறது என்றாள். “இந்த மாத்திரை இவளுக்கு வேலை செய்யல. இப்படியே போனா பிப்ரவரியில மஜ்ஜை வைக்க முடியாது. வெச்சாலும் உடம்பு தாங்காது.” இனி வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, ஒரு சின்ன மெஷினில் மாட்டி, ராத்திரி முழுக்க மருந்து ஏற வேண்டுமாம். வாரத்தில் ஐந்து ராத்திரி. இருபத்தொன்றாம் தேதி வந்து கற்றுக்கொள்ளச் சொன்னாள்.

அவள் போனதும் நானும் கனியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வயிறு அது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஆரம்பித்தான். லாரியிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான்.

“நீ ஒழுங்கா குடுத்திருந்தா ஏன்டி ஏறுது? ஞாயித்துக்கிழமை ஃபோனை நோண்டிக்கிட்டு மறந்துட்டிருப்ப.”

“என் புள்ளைக்கு நான் மறப்பனா? அண்ணிய கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி முழுக்க வடிகிறவரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

“நான் ஆறு நாளும் குடுத்துடறேன்பா. ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரியாது” என்றேன்.

அவன் கை ஓங்கினான். அடிக்கவில்லை. “போய் உங்கம்மா வீட்ல இரு” என்றான். அவள் அழவில்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். ராத்திரி பஸ்ஸுக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கனிக்குக் கையில் ஊசி குத்தின கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவளையும் கூட்டிப்போகக் கேட்டாள், ஆஸ்பத்திரி இங்கேதான் என்று தம்பி விடவில்லை.

நவம்பர் 8, புதன்

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கனி புதுத்துணி போடமாட்டேன் என்றுவிட்டாள். டப்பாவிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரையைத் தொட்டியில் ஊற்றினேன். செடியில் நாலு இலை இருந்தால் அதிகம்.

நவம்பர் 21, செவ்வாய்

முழுதும் எழுதியாக வேண்டும்.

காலையில் மாத்திரையை ஊற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். தம்பி லாரிக்குப் போய்விட்டான், நானும் கனியும் மட்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தலையணைமேல் ஊசியைக் குத்திக் காட்டினாள். தோலை இப்படிக் கிள்ளிப் பிடிக்க வேண்டும், இப்படிச் சாய்த்துக் குத்த வேண்டும், பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். “தூக்கத்துல புரண்டா கழண்டுக்கும், பாத்துக்கங்க. அடுத்த தடவை ரத்தம் ஏத்த வரும்போது மெஷின் தருவோம், அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

கனி என் புடவையை இழுத்தாள். காதோடு காதாகச் சொன்னாள்.

“அத்த, நான் மாத்திரையே குடிச்சுடறேன். வாந்தி வந்தாலும் குடிச்சுடறேன். ஊசி வேணாம்னு சொல்லேன். நீ ஊத்தினத நான் யார்கிட்டயும் சொல்லல இல்ல?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு டாக்டரம்மா கூப்பிட்டாள். என் பரிசோதனை முடிவு வந்திருந்தது. எனக்கும் அது இருக்கிறது. தம்பிக்கு இருப்பதே எனக்கும். எங்கள் அம்மா வழியோ அப்பா வழியோ, எங்கள் ரத்தத்தில் இருந்திருக்கிறது. நிரோஷாவின் பக்கத்திலிருந்து வந்தது பாதி, எங்களிடமிருந்து போனது பாதி.

“உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்ல.”

“சொந்தத்துல கல்யாணமா?”

தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. “நிறைய பேர் இதைச் சத்துக் குறைவுன்னு நெனச்சுடறாங்க. அம்மா சரியா ஊட்டலன்னு பழி போடுவாங்க. பாவம். எதை ஊட்டியிருந்தாலும் ஒரு சொட்டு ரத்தம் கூடியிருக்காது. உண்மையில இரும்பு டானிக் குடுத்தா கெடுதல்தான்.”

பஸ்ஸில் கனி என் மடியில் தூங்கினாள். இறங்குகிற இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்.

நவம்பர் 22, புதன்

காலை ஏழு மணி. இரண்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். கனி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். டானிக் பாட்டிலை உடைத்துக் குப்பைக் குழியில் போட்டேன்.

வேடியப்பன். அதுதான் அவன் பெயர். பத்தொன்பது வயதில் என்னை என் அம்மாவின் கடைசித் தம்பிக்கே கட்டி வைத்தார்கள். வேடி பிறந்து ஆறு மாதம் நன்றாக இருந்தான். பிறகு வெளுத்தான். வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. முருங்கைக்கீரைச் சாறு, பேரீச்சை, சுவரொட்டி, பாட்டில் பாட்டிலாக டானிக். வாயைக் கிள்ளித் திறந்து ஊற்றியிருக்கிறேன். இரண்டு வயதும் நாலு மாதமும் இருந்தபோது, ஆடி ஐந்தாம் தேதி, மதியம், என் இடுப்பிலேயே போய்விட்டான். பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவள் என்று மாமன் வீட்டில் சொன்னார்கள். பாலிலேயே சத்தில்லை என்றார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டேன். எது சத்து, எது சத்தில்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்ல முடியாதபடி படித்தேன்.

எதை ஊட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதாம். இருபத்து மூன்று வருஷம் கழித்து, எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒருத்தி சொல்கிறாள். நான் அவனைக் கொல்லவில்லை. அதே வாயால்தான் கனிக்கு நான் செய்துகொண்டிருப்பதையும் சொல்லிவிட்டாள்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து மெஷின் வைக்கப் போகிறார்கள். மாத்திரை உள்ளே போகவே இல்லை என்பது இந்த நோட்டுக்கும் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும்தான் தெரியும்.

நவம்பர் 23, வியாழன்

(இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். நோட்டு என்னிடம் இல்லை.)

கனிக்கு மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் போனேன். நிரோஷா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை. வாயால் சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். நோட்டைத்தான் நீட்டினேன்.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் ஓடியது. அந்த விரலைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், அதையும் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் அந்த விரல் தாண்டிப் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சின்னவன் வந்து “அத்த” என்று என் காலைக் கட்டினான். அவனைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினாள்.

“என் புள்ள உங்களுக்குத் தொட்டிச் செடியா?” என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நிரோஷா...”

“பேர் சொல்லாதீங்க. நோட்டு எங்கிட்ட இருக்கட்டும். பஸ்ஸுக்குப் போங்க.”

நவம்பர் 28, செவ்வாய்

ரத்தம் ஏற்றும் நாள். நிரோஷா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மெஷினைக் கையில் எடுத்த நர்ஸைத் தடுத்து, நோட்டை டாக்டரம்மா முன்னால் வைத்தாள். டாக்டரம்மா காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு நாள்களை எண்ணினாள். மாத்திரை உள்ளே போகாதது நூற்று இருபத்தொன்பது நாள். என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தது இன்றுதான்.

“அப்ப மாத்திரை வேலை செய்யலன்னு சொல்ல முடியாது” என்று நிரோஷாவிடம் சொன்னாள். “மெஷின் இப்ப வேணாம். மாத்திரையே ஒழுங்கா போகட்டும். ஆனா பிப்ரவரி முடியாது. ஆகஸ்ட்ல பாப்போம். கல்லீரல் எந்த அளவுக்குத் திரும்புதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

லாரியிலிருந்து வந்திருந்த தம்பி அங்கேயே, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிற ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால், “நீ என் கூடப் பொறந்தவளே இல்ல, வீட்ட விட்டுப் போயிடு” என்று கத்தினான். நான் பையை எடுத்தேன்.

“அவங்க எங்கயும் போக வேணாம்” என்றாள் நிரோஷா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. “இங்கயே இருக்கட்டும். தினமும் காலையில அவ குடிக்கறதப் பாக்கட்டும். பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”

டிசம்பர் 1, வெள்ளி

அவள் வேலையை விட்டுவிட்டாள். காலை ஏழு மணிக்கு அவளே கரைத்தாள், அவளே கொடுத்தாள். சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கனி டம்ளரைக் கவிழ்த்து முதலில் அவளிடம் காட்டினாள், பிறகு என்னிடம்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுக்கவில்லை, என் பாய்மேல் போட்டுவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘பார்வையிட்டேன். நிரோஷா’ என்று எழுதியிருக்கிறாள். கோணல் கையெழுத்து, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினதில் பின்பக்கம் தடித்திருக்கிறது. சுவரொட்டிப் பக்கம், தொட்டிப் பக்கம், கஞ்சி வடித்த பக்கம். எதையும் விடவில்லை.

நவம்பர் 22 பக்கத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். தாளின் ஓரம் விரல் பட்டுப் பட்டு அழுக்காகியிருந்தது. வேடியின் பெயருக்குக் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை.

மதியம் கனிக்குச் சோறு போட்டு உட்கார வைத்தவள், உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். “டீ மட்டும் போடுங்க.”

வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன். அவள் அடுப்புப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தண்ணீர், தூள், சர்க்கரை என்று நான் எடுக்கிற ஒவ்வொன்றையும் பார்த்தாள். பால் சேர்க்காமல் வடிகட்டி, ஆற்றி, கனியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.